விரல் எடுக்காத காய்

கிறகோரி எதையும் வைத்தவுடன் விட்டுவிட மாட்டார். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தால் அவருடைய சுட்டுவிரல் அதன் விளிம்பில் கொஞ்ச நேரம் நிற்கும். கதவுக்குக் கொளுக்கி போட்டால், போட்ட கொளுக்கியின்மேல் விரல் நிற்கும். கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாலும் அப்படித்தான். உருகிய மெழுகு நகத்தில் விழுந்து சுட்ட பிறகே கை வரும். கலியாணம் கட்டிய புதிதில் யசிந்தா இதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு வைப்பதும் விடுவதும் ஒரே வேலை, தன் மனுசனுக்கு அவை இரண்டு வேலை என்று எடுத்துக்கொண்டாள்.

குருநகரில் பிறந்தும் கிறகோரி வலை தொட்டவரில்லை. இளவயதிலேயே கிரேக்கச் சரக்குக் கப்பலொன்றில் ஏறி, இயந்திர அறையில் எண்ணெய் விடுகிற வேலையில் சேர்ந்தவர். அங்கே ஒருநாள் அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. பொறுப்பாக இருந்த இஞ்சினியர் படித்த மனிதர். வால்வு திறந்திருக்கிறது, நெருப்பையும் குறைத்தாயிற்று, ஆகவே அழுத்தம் ஏற வழியில்லை, முள்தான் பழுது என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். விளக்கத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் வெடித்தது. பக்கத்தில் நின்ற மன்னார்ப் பெடியன் வெந்து செத்தான். கிறகோரிக்கு ஒரு காது போனது. 1984இல் அவர் கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்தபோது கொண்டுவந்த பாடம் ஒன்றுதான்: முள் காட்டுவதைப் பார், காரணம் கேட்காதே.

அவருடைய பெட்டிக்குள் இரண்டு விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. ஒன்று, கிரேக்க மாலுமிகள் விளையாடுகிற மடிப்புப் பலகை. இருபத்துநாலு முக்கோணங்கள், ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு தாயக்கட்டை. காய்களைச் சுற்றிக் கொண்டுவந்து வெளியே எடுக்கவேண்டும். சோடியாக நிற்கிற காயைத் தொட முடியாது. தனியே நிற்கிற காயை எதிராளி வெட்டலாம். குருநகர்ச் சனம் அதற்குக் கப்பல் தாயம் என்று பெயர் வைத்தது. மற்றது, சிங்கப்பூரில் வாங்கிய சின்ன கொம்பியூட்டர். கொப்பி அளவான பெட்டி, நாலு பற்றறியில் ஓடும், அந்த ஒரு விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. காய்கள் நிற்கிற நிலையையும் விழுந்த கட்டையையும் பித்தான்களை அமத்திச் சொல்லிக் கொடுத்தால், எந்தக் காயை எங்கே வைப்பது என்று சிவப்பு வெளிச்சத்தில் காட்டும்.

மகள் பெர்னடெட் பள்ளிக்கூடம் போன பிறகு புருசனும் பெண்சாதியும் பலகையை விரித்துக்கொண்டு இருப்பார்கள். யசிந்தா சின்ன வயதில் சோகி உருட்டித் தாயம் விளையாடியவள். கப்பல் தாயம் அவளுக்குச் சுறுக்காகப் பிடிபட்டது. என்ன விழுந்தால் வெட்டுப்படும், என்ன விழுந்தால் தப்பும் என்று விரல் கணுக்களில் எண்ணுவாள். பிறகு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் வைப்பாள். வைத்தால் கையை எடுத்துவிடுவாள்.

"ஏனப்பா உந்தக் காயைத் தனிய விட்டனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இப்பிடி நிண்டால் மிசின் அப்பிடித்தான் வைக்கும்."

"மிசின் ஏன் அப்பிடி வைக்குது?"

"அதுக்கு ஏன் எண்டு சொல்லத் தெரியாது. எது எண்டுதான் தெரியும்."

"அப்ப உங்களைப்போலைதான்."

அவர் நல்ல காதைத் திருப்பி, "என்ன?" என்றார். அவள் திரும்பச் சொல்லவில்லை.

சில கிழமைகளில் யசிந்தா அந்தப் பெட்டியின் குணத்தைக் கண்டுபிடித்தாள். தனிக்காய் அகப்பட்டால் அது கட்டாயம் வெட்டும். வெட்டிய பிறகு தன் காய்களுக்கு என்ன வரும் என்று பார்க்காது. அவள் வேண்டுமென்றே ஒரு காயைத் தனியே விட்டாள். பெட்டி வெட்டியது. வெட்டுப்பட்ட காய் திரும்ப உள்ளே வந்து அவளுடைய இன்னொரு காயோடு சோடியாக நிற்க, பெட்டியின் காய்கள் இரண்டு அதன் பின்னால் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டன.

"பாருங்கோ," என்றாள். "வடையைக் கண்ட காகம் மாதிரி. வெட்டு எண்டால் காணும் உதுக்கு."

"ஒருக்காப் பிழைச்சிட்டுது. நூறு தரம் விளையாடிப் பார், ஆர் கூட வெல்லுறது எண்டு தெரியும்."

"நூறு தரம் எனக்கென்னத்துக்கு? அது ஏன் பிழைக்குது எண்டு கண்டிட்டன்."

"ஏன் எண்டு கண்டவர் ஒருத்தர் எங்கடை கப்பலிலையும் இருந்தவர்," என்றார் கிறகோரி. மன்னார்ப் பெடியனின் பெயர் அந்த வீட்டில் சொல்லப்படாவிட்டாலும் அவன் இப்படித்தான் வந்துபோவான். யசிந்தா பலகையை மடித்து வைத்தாள். நூறு தரம் அவள் விளையாடிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் பெட்டி வென்றிருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு உள்ளூர இருந்தது.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்க, குருநகர் இருக்க ஏலாத இடமாயிற்று. பெர்னடெட் அதற்கு முந்தியே நீர்கொழும்பில் தேப்பன் வழி மாமி வீட்டோடு போய்விட்டாள். கிறகோரியும் யசிந்தாவும் நீர்வேலியில், வாழைத்தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளை வாழைக்குலை பழுக்க வைக்கிற அறையில் வந்து குடியிருந்தார்கள். அவர்களோடு குருநகரிலிருந்து வந்தவர் சிமியோன். சைக்கிள் திருத்துகிறவர். புத்தூர் றோட்டோரம் ஒரு புளியமரத்துக்குக் கீழே கடை போட்டார். அவருடைய பெண்சாதி லூர்த்தம்மா, பக்கத்து வளவில் ஓலைக் கொட்டிலொன்றில் இருந்தபடி இடியப்பம் அவித்து விற்றாள்.

கரண்ட் நின்றுவிட்டது. பற்றறி, குடாநாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்த சாமான். கொம்பியூட்டர் பெட்டி செத்த பூச்சி மாதிரிக் கிடந்தது. சனம் றேடியோ கேட்கிற வழியைத்தான் சிமியோனும் பிடித்தார்: ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லில் டைனமோவைப் பூட்டி, வயரைப் பெட்டிக்கு இழுத்தார். சிமியோன் மிதிக்க, கிறகோரி விளையாடுவார். மிதி நின்றால் பெட்டி ஆட்டத்தை மறந்துவிடும்.

"டேய், இறங்கிப் போடாதை. நல்ல நிலையிலை நிக்கிறன்."

"நீ நிலையிலை நிக்கிறாய். என்ரை தொடை நிக்கேல்லை மச்சான். மூளை அதுக்கு, தொடை எனக்கு, வெற்றி உனக்கு. உதென்ன ஞாயம்?"

"ஒரு நாளைக்கு நான் மிதிக்கிறன். நீ காலை நீட்டிக்கொண்டு இருந்து றேடியோ கேள்."

"தங்கச்சி, நீ சாட்சி," என்றார் சிமியோன் யசிந்தாவைப் பார்த்து. "என்ரை மிதி எல்லாம் கடனாய்க் கிடக்குது."

அந்தக் கடன் அடைபடமுன் பெட்டி போய்விட்டது. ஒருநாள் பின்னேரம் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. கிறகோரிக்கு ஒரு காது இல்லை, குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் கேட்டுப் பயந்த சிமியோன் இறங்கி ஓடவேண்டும் என்பதை மறந்து, ஸ்ராண்டில் நின்ற சைக்கிளிலேயே ஓடத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, செபம் சொல்லிக்கொண்டு, உயிரைக் கொடுத்து மிதித்தார். குண்டு எங்கேயோ தள்ளி விழுந்தது. புகை மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. யசிந்தா சிரித்தாள்; சிமியோனும் வெட்கத்தோடு சிரித்தார். கிறகோரி கருகின பெட்டியின்மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

அதற்குப் பிறகு அவரே பெட்டியாக மாறினார் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு நிலையைப் பலகையில் வைப்பார். ஒரு காயை ஒருவிதமாக நகர்த்தி, இரண்டு பக்கத்துக்கும் தானே உருட்டி முடிவுவரை விளையாடுவார். வென்றால் ஒரு புளியங்கொட்டையை ஒரு வெறும் பால்மாத் தகர ரின்னில் போடுவார், தோற்றால் மற்ற ரின்னில். திரும்ப அதே நிலை. திரும்ப உருட்டல். கொட்டைகள் எந்த ரின்னில் கூடுகின்றனவோ அதுதான் விடை.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோவன்," என்பாள் யசிந்தா. "மாடு செக்குச் சுத்தின மாதிரிக் கிடக்குது."

"யோசிக்கிறவன் தனக்கு வேண்டினதைத்தான் யோசிப்பான். கொட்டைக்கு வேண்டினது வேண்டாதது இல்லை."

1993இல் பெர்னடெட்டுக்கு நீர்கொழும்பில் கலியாணம் பொருந்தியது. செய்தி செஞ்சிலுவைக் கடதாசியில் வந்தது. அப்பா வந்து கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எழுதியிருந்தாள். போவதென்றால் கிளாலியில் வள்ளமேறிக் கடலேரியைக் கடக்கவேண்டும். இருட்டில்தான் வள்ளங்கள் போகும். கடற்படைக் கண்ணில் பட்டால் சுடுவார்கள்.

கிறகோரி பலகையைத் தூக்கி வைத்துவிட்டு ரின் இரண்டையும் எடுத்தார். சிமியோனின் கடையில் போய் இருந்தார். காற்றடிக்க வருகிறவன், ஒட்டுப்போட வருகிறவன் எல்லாரையும் கேட்டார்: கிளாலியால் வந்தனியோ, எந்த நாள், நிலவோ இருட்டோ, எத்தனை வள்ளம். கரைசேர்ந்த வள்ளத்துக்கு ஒரு கொட்டை, சேராததற்கு மற்ற ரின்னில் ஒன்று. ஒரு ரின் நிரம்பியது. மற்றதில் கொட்டைகள் அடியை மறைக்கவில்லை.

"இஞ்சை பார்," என்று யசிந்தாவிடம் கொண்டுவந்து காட்டினார்.

அவள் ரின்னைப் பார்க்கவில்லை. "வந்தவனைத்தானே கேட்கிறியள்? வராதவன் எப்ப சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்தவன்?"

அவர் நிரம்பின ரின்னை ஒருக்கால் குலுக்கிப் பார்த்தார்.

"மற்றது, தாயக்கட்டைக்கு உங்களைத் தெரியாது. கட்டை உங்களைப் பார்த்துக்கொண்டு நிக்கிறேல்லை. கடலிலை நிக்கிறவன் பார்த்துக்கொண்டு நிக்கிறான். இருட்டிலை வள்ளம் கூட வருமெண்டு உங்களுக்குத் தெரியுது எண்டால் அவனுக்கும் தெரியும்தானே?"

"அப்ப போகவேண்டாம் எண்டுறியோ?"

யசிந்தாவுக்கு அந்த இடத்தில் யோசனை நின்றுவிட்டது. மகள் பீடத்துக்குத் தனியே நடப்பதை நினைத்தாள். "போங்கோ," என்றாள். "கொட்டை சொன்னது எண்டு போகவேண்டாம். பிள்ளை கூப்பிட்டது எண்டு போங்கோ."

குடாநாட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் இயக்கப் பெடியளிடம் பாஸ் எடுக்கவேண்டும். புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கொடுக்கமாட்டார்கள். போகிறவர் திரும்பி வருவார் என்று சொந்தக்காரர் அல்லாத ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவரின் வீட்டிலிருந்து எவரும் வெளிக்கிட முடியாது. சிமியோன் கேட்காமலே வந்து பிணை நின்றார்.

"இப்ப நான்தான் தனிய நிக்கிற காய்," என்றார். "வெட்டு விழாமல் பார்த்துக்கொள் மச்சான்."

"வந்து உனக்கு மிதிக்கிறன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நீ மிதிச்ச அளவுக்கு."

"அப்ப சாகுமட்டும் மிதிக்கவேணும் நீ."

கிறகோரி படலையடியில் நின்று, "போட்டு வாறன்" என்றார். படலையைச் சாத்தினார். சாத்திய படலையின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனார்.

போகும்போது பிசகொன்றும் நடக்கவில்லை. கலியாணப் படமொன்று வந்தது: பெரிய கோட்டுக்குள் கிறகோரி, மகளின் முழங்கையில் அவருடைய விரல். அதற்குப் பிறகு வந்த கடதாசியில், அப்பா இன்றைக்கு வெளிக்கிட்டுவிட்டார் என்று பெர்னடெட் எழுதியிருந்தாள். அந்தக் கடதாசி வந்து சேர்ந்தபோது அவர் வந்திருக்கவேண்டிய நாள் போய்விட்டது.

கொழும்புக்குப் போய்த் திரும்பிய ஆழ்வாப்பிள்ளைதான் ஒரு காலை வந்து முற்றத்தில் நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"பிள்ளை, அக்கரையிலை அவரைக் கண்டனான். மூண்டு வள்ளம் வெளிக்கிட்டது. அவர் ஒரு வள்ளத்தின்ரை விளிம்பிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டவர். ஏறுங்கோவன் எண்டு கேட்டன். தலையாட்டினவர். நான் மற்றதிலை ஏறிட்டன்." அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "நடுவிலை ஒரு வள்ளம் எரிஞ்சது."

"அவர் கை வைச்சுக்கொண்டு நிண்ட வள்ளமோ?"

"இருட்டிலை தெரியேல்லைப் பிள்ளை."

"கையை எடுத்தவரோ?"

ஆழ்வாப்பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. யசிந்தாவுக்கு மட்டும் அது விளங்கியது. அதுதான் அவளை வருத்தியது.

அந்த நாட்களில்தான் லூர்த்தம்மா மார்பில் இருந்த கட்டியை வைத்தியருக்குக் காட்டினாள். சுணங்காமல் கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும், இங்கே அதற்கு வைத்தியமில்லை என்றார் வைத்தியர். சிமியோன் பாஸ் கேட்கப் போனார். அவர் பிணை நின்று அனுப்பிய ஆள் திரும்பி வரவில்லை, ஆகவே பாஸ் இல்லை என்றார்கள். ஆள் வரவேண்டும், இல்லாவிட்டால் ஆள் செத்துவிட்டார் என்று வீட்டுக்காரி வந்து சொல்லவேண்டும்.

யசிந்தா போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் மரியாதையாகக் கதைத்தான்.

"அவர் இறந்திட்டார் எண்டு சொல்லுறியளோ அம்மா?"

"வள்ளம் எரிஞ்சது தம்பி."

"அந்த வள்ளத்திலை ஏறினவரோ?"

"இருட்டிலை தெரியேல்லையாம்."

"உங்கடை ஆக்கள் செத்தால் பூசை வைப்பினம்தானே. வைச்சனீங்களோ?"

"ஒவ்வொரு கிழமையும் வைக்கிறன்," என்று சொல்லிவிட்டாள்.

"ஆன்மாவுக்கோ?"

பொய் சொல்லியிருக்கலாம். கோயில் பழக்கம் வாயில் வந்தது. "சுகமாய் வந்து சேருறதுக்கு."

பெடியன் பேனையை வைத்தான். "நீங்களே உயிரோடை இருக்கிறார் எண்டு பூசை வைக்கிறியள். நாங்கள் எப்பிடி இல்லையெண்டு எழுதுறது? யோசிச்சுப் பாருங்கோ அம்மா." அவனுடைய கணக்கிலும் ஓட்டை இல்லை.

அவள் யோசித்தாள். நீர்வேலிக்குத் திரும்பும் வழி முழுக்கவும், பிறகு மாரி தொடங்கியும் யோசித்தாள். உயிரோடிருந்தால் வந்திருப்பார். கரைசேர்ந்த இரண்டு வள்ளத்திலும் அவர் இல்லை. ஆகவே எரிந்ததில் இருந்தார். இல்லாவிட்டால் எதிலும் ஏறவில்லை. ஏறாமல் கையை எடுத்திருந்தால்? திரும்பிப் போகையில் ஆமி பிடித்திருந்தால்? எங்கேயாவது மறியலில் இருந்தால்? உயிரோடிருக்கிற மனுசனுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைப்பதா? ஒருநாள் ரின் இரண்டையும் எடுத்து அவருடைய வழியிலும் பார்த்தாள். மூன்று வள்ளத்துக்கு மூன்று கொட்டை. ஒன்றை ஒரு ரின்னிலும் இரண்டை மற்றதிலும் போட்டாள். எந்த ரின்னிலும் அவர் இல்லை. எல்லா யோசனையும் இருட்டில் ஒரு வள்ள விளிம்பில், ஒரு விரலில் வந்து நின்றது. அவளாலும் அதை எடுக்க முடியவில்லை.

சிமியோன் ஒருநாளும் வந்து அவசரப்படுத்தவில்லை. ஒருமுறை லூர்த்தம்மாதான் கூப்பிட்டாள். பாயில் கிடந்தபடி சொன்னாள்: "யசிந்தா, நீ கிறகோரியைச் சாக்கொல்லவேண்டாம். நான் இருந்து பார்க்கிறன்." சிமியோன் சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். கட்டிலா பாயா என்று தெரியாத வலியில் அவளுக்கு றேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். மிதிக்கிறவரால் அவள் பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க முடியவில்லை.

"விடுங்கோ அண்ணை, நான் மிதிக்கிறன்," என்றாள் யசிந்தா. "நீங்கள் அவவோடை இருங்கோ."

"இல்லைத் தங்கச்சி. உது அவன்ரை கடன். நீ தொடாதை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது குத்தியது. அடுத்த நாள் காலை யசிந்தா சுவாமியாரிடம் போனாள். கிறகோரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சொன்னாள். கறுப்புச் சீலை இல்லை. ஒரு சீலையைச் சாயம் போட்டு உடுத்தினாள். பூசையில் அவருடைய பெயரை வாசித்தபோது, தன் விரல் முன்னாலிருந்த வாங்குப் பலகையின் விளிம்பில் நிற்பதைக் கண்டாள். எடுத்தாள்.

பிணை கழிந்தது. பாஸ் வந்தது. லூர்த்தம்மாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தப் பார்த்தார்கள். அவளால் இருக்க முடியவில்லை. கிளாலி வரைக்கும் ட்ரக்டரில் கொண்டுபோக முடியாது என்றார் வைத்தியர். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திப் பாஸ் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். மாசியில், தபசுகாலம் தொடங்குமுன் லூர்த்தம்மா போய்ச் சேர்ந்தாள்.

தான் யோசித்தது பிழையோ, யோசிக்க எடுத்த நேரம் பிழையோ என்று யசிந்தாவுக்கு இன்னும் தீரவில்லை. கிறகோரி இருந்திருந்தால் உருட்டிப் பார் என்றிருப்பார். ஆனால் இந்த நிலையை மறுபடி வைத்து விளையாட வழியில்லை.

1995 ஐப்பசி முடிவில் ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. பாஸ் கேட்க எவரும் நிற்கவில்லை. பிணை நிற்க எவரும் தேவைப்படவில்லை. விடிந்த பிறகும் மழை விடவில்லை. சனம் அடி அடியாகத்தான் நகர்ந்தது. சிமியோன் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹாண்டிலில் சட்டி, கரியரில் லூர்த்தம்மாவின் பெட்டி. பக்கத்தில் யசிந்தா, தலையில் ஒரு பொதி, கக்கத்தில் மடித்த பலகை.

பின் சில்லில் டைனமோ உரசியபடி இருந்தது. அவர் தள்ளத் தள்ள முன் பல்ப் மங்கலாக எரிந்து அணைந்தது.

"அண்ணை, டைனமோவை விலத்தி விடுங்கோவன். பாரமெல்லே."

சிமியோன் நின்றார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு கடந்து போனார்கள்.

"கிடக்கட்டும்," என்றார். "அவன் இன்னும் மிதிக்கேல்லை."